தங்கைக்கு எம்.எஸ். என்கிறார்கள். ஸ்கேனைப் பார்த்து இனி எப்படிப் போகும் என்று சொல்ல முடியுமா?

பொன்னிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்கு 26 வயது. மாசி மாதத்தில் ஒரு நாள் வலது கண்ணை அசைத்தால் வலிக்கிறது என்றாள். இரண்டு நாள் கழித்துக் குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடி, அப்புறம் மறு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்தக் கண்ணுக்கு மட்டும் சிவப்பு வெளுத்த செங்கல் மாதிரி தெரியுது" என்றாள். கண் டாக்டர் உடனே நரம்பியல் டாக்டரிடம் அனுப்பினார். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தோம், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள், இதே மாதிரி கண்ணைத் தாக்கும் வேறு இரண்டு நோய்களுக்கான என்.எம்.ஓ., மாக் ரத்தப் பரிசோதனை இரண்டும் நெகடிவ். எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்லரோசிஸ்), அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய் என்று முடிவானது. ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள், பார்வை ஏறக்குறைய திரும்பிவிட்டது.

இப்போது எங்கள் குழப்பம் ஸ்கேன்தான். முதல் ரிப்போர்ட்டில் மூளையில் 11 வெள்ளைப் புள்ளி, அதில் ஒன்று மூளைத் தண்டில், கழுத்துத் தண்டுவடத்தில் தனியாக ஒன்று. மூன்று வாரம் கழித்து வேறொரு சென்டரில் இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள், அதில் மூளையில் மட்டும் 14. அம்மா அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, மூன்று வாரத்தில் மூன்று கூடினால் ஒரு வருடத்தில் எத்தனை என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டாவது ரிப்போர்ட்டோடு கலர் கலராக ஒரு பக்கம் வேறு. ஏஐ அளந்ததாம், மூளையின் கன அளவு அவள் வயதுக்கு 18வது பெர்சன்டைல் என்று போட்டிருக்கிறது. டாக்டரிடம் கேட்க நினைத்தோம், வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள், "மருந்தை உடனே ஆரம்பிக்கணும், மிச்சத்தை அடுத்த தடவை பேசலாம்" என்று அனுப்பிவிட்டார்.

கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். பத்து வருடம் கழித்து அவள் நடப்பாளா, வேலைக்குப் போவாளா என்று இந்தப் படத்தைப் பார்த்து யாராலாவது சொல்ல முடியுமா? ஆறுதல் வேண்டாம், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

வேப்பமரத்தடி:

தம்பி, நான் 17 வருடமாக எம்.எஸ். உடன் இருக்கிறேன். பள்ளிக்கூட டீச்சர், இன்னும் வேலைக்குப் போகிறேன். எனக்கு முதல் ஸ்கேன் எடுத்தபோது இந்தக் கலர் பக்கமெல்லாம் கிடையாது, பெரிய கறுப்பு ஃபிலிம்தான். அதை வீட்டு ஜன்னலில் வெயிலுக்கு எதிராகப் பிடித்து ஒவ்வொரு கட்டமாக நானே எண்ணினேன். இருபதுக்கு மேல் போனதும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஃபிலிமின் ஓரம் வியர்வைக் கையோடு ஒட்டிக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது.

அதே மாதம் எனக்குப் பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொண்ட ஒரு பெண்ணுக்கு மூளையில் மூன்றோ நான்கோதான். ஆனால் தண்டுவடத்தில் நீளமாக ஒன்று இருந்தது. நான்கு வருடத்தில் அவள் கைத்தடி பிடித்தாள். நான் இன்றைக்கும் மூன்றாவது மாடி வகுப்புக்கு ஏறுகிறேன், வெயில் நாளில் மட்டும் கால் மரத்துப்போகும். எண்ணிக்கையைப் பார்த்திருந்தால் எங்கள் இரண்டு பேரின் கதையும் மாறி அல்லவா இருக்க வேண்டும்.

அம்மாவிடம் சொல்லுங்கள், எண்ணுவதை விடச் சொல்லி. தங்கையிடம் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். நான் மாதத்தில் முதல் ஞாயிறு காலையில் வாசல் கேட்டிலிருந்து துளசி மாடம் வரை, 25 அடி, வேகமாக நடந்து கடிகாரத்தில் நொடி குறித்துக்கொள்வேன். டாக்டர்களும் இதே 25 அடியைத்தான் அளக்கிறார்கள். என் டாக்டர் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு முன்னால் அந்த நோட்டைத்தான் வாங்கிப் பார்ப்பார்.

படக்கட்டம்:

நான் ரேடியாலஜிஸ்ட், நரம்பு சம்பந்தப்பட்ட ஸ்கேன்தான் அதிகம் பார்ப்பது. உங்கள் தங்கையின் படத்தைப் பார்க்காமல் பேசுகிறேன், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்த 11, 14 விஷயம். இரண்டு ரிப்போர்ட்டின் மேலேயும் எந்த மெஷின், எத்தனை டெஸ்லா (காந்தத்தின் பலம்), எத்தனை மில்லிமீட்டர் கனத்தில் வெட்டியது என்று இருக்கும், இல்லாவிட்டால் சிடியில் இருக்கும், பாருங்கள். முதலாவது 1.5 டெஸ்லா, 5 மில்லிமீட்டர் என்றும் இரண்டாவது 3 டெஸ்லா, 1 மில்லிமீட்டர் 3டி ஃப்ளேர் (புள்ளிகளை வெள்ளையாகக் காட்டும் படவகை) என்றும் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். தேங்காய்க் கீற்றைத் தடிமனாக நறுக்கினால் உள்ளே இருக்கும் சின்னக் கறை இரண்டு கீற்றுக்கு நடுவில் மறைந்துவிடும், மெல்லியதாகச் சீவினால் தெரிந்துவிடும். அந்த மூன்றும் முதல் நாளே அங்கே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு சிடியையும் ஒரே ஆளிடம் கொடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பிடாமல் எழுதிய இரண்டு ரிப்போர்ட்டின் எண்களை நாமே கழித்துப் பார்ப்பது பெரிய தப்பு, இதனால் தேவையில்லாமல் மருந்து மாற்றியவர்களையே பார்த்திருக்கிறேன்.

அடுத்து உங்கள் முக்கியமான கேள்வி. படம் வருங்காலத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாது என்று சொன்னால் அது பொய். லண்டன் குவீன் ஸ்கொயர் நரம்பியல் மருத்துவமனையில் 1984 முதல் 1987 வரை, முதல் அட்டாக்கோடு வந்தவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, அவர்களைப் பல வருடம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். 20 வருடம் கழித்துப் பார்த்தபோது, முதல் படத்தில் புள்ளிகள் இருந்தவர்களில் 82 சதவீதம் பேருக்கு எம்.எஸ். உறுதியாகியிருந்தது, படம் சுத்தமாக இருந்தவர்களில் 21 சதவீதம் பேருக்குத்தான். அமெரிக்காவில் பார்வை நரம்பு அழற்சி வந்தவர்களை 15 வருடம் பார்த்த ஆய்விலும் இதே சாயல்தான், ஒரு புள்ளியாவது இருந்தவர்களில் 72 சதவீதம், ஒன்றும் இல்லாதவர்களில் 25. ஆக எம்.எஸ். வருமா என்ற கேள்விக்கு முதல் படம் நன்றாகவே பதில் சொல்கிறது. உங்கள் வீட்டில் அந்தக் கேள்வி முடிந்துவிட்டது.

வந்த பிறகு எவ்வளவு முடக்கும் என்பதுதான் கஷ்டமான கேள்வி. மேலே அக்கா சொன்னதற்கு எங்கள் துறையில் ஒரு பெயரே உண்டு, நோயாளியின் நிலைக்கும் படத்துக்கும் இடையிலான முரண் என்று அர்த்தம், 2002இல் ஆம்ஸ்டர்டாமின் ரேடியாலஜிஸ்ட் பார்க்காஃப் இதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். காரணங்கள் பல. மூளையின் அரைக்கோளத்தில் ஒரு புள்ளி வந்தால் பல சமயம் ஆளுக்கு ஒன்றுமே தெரியாது, ஒரு அட்டாக் வெளியே தெரிகிற நேரத்தில் உள்ளே ஐந்து பத்துப் புள்ளி சத்தமில்லாமல் வந்து போயிருக்கும். அதே அளவுப் புள்ளி மூளைத் தண்டிலோ தண்டுவடத்திலோ வந்தால் காலும் சிறுநீரும் உடனே சொல்லிவிடும், ஏனென்றால் எல்லா நரம்பும் நெருக்கிக்கொண்டு போகிற ஒற்றையடிப் பாதை அது. அப்புறம், வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஒன்றல்ல. சிலது வீக்கம், வடிந்துவிடும். சிலதில் நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறை போய் ஓரளவு திரும்பியிருக்கும். சிலதில் நரம்பு இழையே அறுந்திருக்கும், அவைதான் டி1 என்ற இன்னொரு வகைப் படத்தில் நாள்பட்டும் கறுப்பாகவே நிற்பவை, நாங்கள் கருங்குழி என்போம். ஃப்ளேர் படத்தில் மூன்றும் ஒரே வெள்ளைதான்.

நீங்கள் உள்ளபடி கேட்டதால் சொல்கிறேன், மூளைத் தண்டிலும் கழுத்துத் தண்டுவடத்திலும் புள்ளி இருப்பதை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. குவீன் ஸ்கொயர் ஆட்களையே 30 வருடம் கழித்துப் பார்த்தபோது, முதல் படத்தில் மூளைத் தண்டிலோ சிறுமூளையிலோ புள்ளி இருந்து, ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தில் ஆழமான வெண்பொருளிலும் (நரம்பு இழைகள் ஓடும் பகுதி) இருந்தவர்கள்தான் பிற்காலத்தில் அதிகம் முடங்கினார்கள். உங்கள் டாக்டர் மருந்தை உடனே என்று அவசரப்படுத்தியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் அதே ஆய்வின் மறுபக்கத்தையும் அம்மாவிடம் சொல்லுங்கள். எம்.எஸ். வந்த 80 பேரில் 35 பேர் 30 வருடம் கழித்தும் துணையில்லாமல் நன்றாக நடந்துகொண்டிருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் மருந்தே எடுக்காதவர்கள், அவர்களுக்கு நோய் ஆரம்பித்த காலத்தில் மருந்தே கிடையாது. உங்கள் தங்கை மருந்து இருக்கும் காலத்தில் இருக்கிறாள்.

கலர் பக்கம் பற்றி. மூளை சுருங்குவது முக்கியமான அளவுதான், மறுக்கவில்லை. ஆரோக்கியமான ஆளுக்கு வருடத்துக்கு 0.1 முதல் 0.3 சதவீதம் சுருங்கும், மருந்தில்லாத எம்.எஸ்.இல் 0.5 முதல் 1.35 வரை. வித்தியாசம் எவ்வளவு சின்னது பாருங்கள், உடம்பில் தண்ணீர் குறைந்தாலே அளவு மாறும், மெஷின் மாறினால் அதைவிட மாறும். உங்கள் தங்கைக்கு ஸ்டீராய்டு ஏற்றி மூன்று வாரத்துக்குள் எடுத்த படம் அது, ஸ்டீராய்டு வீக்க நீரை வடித்துவிடுவதால் மூளை சற்றுச் சிறுத்தது போலத் தெரியும். எம்.எஸ். மருந்து ஆரம்பித்த முதல் வருடத்திலும் இப்படி ஒரு பொய்ச் சுருக்கம் வரும். அதோடு, ஒரே ஒரு தடவை அளந்து 18வது பெர்சன்டைல் என்றால் அவள் பிறவியிலேயே அப்படியா, இப்போது குறைந்ததா என்று அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. ஆரோக்கியமான நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் யாராவது 18வதாக நின்றுதான் ஆக வேண்டும். இந்த ஒற்றை எண்ணை வைத்து நான் எந்த முடிவும் எடுக்க மாட்டேன்.

நான் எதற்குக் காத்திருப்பேன் என்றால், மருந்து ஆரம்பித்து மூன்று முதல் ஆறு மாதத்தில் எடுக்கிற படத்துக்கு. மருந்து பிடிப்பதற்கு முன் வந்த புள்ளிகளை மருந்தின் தோல்வியாக எண்ணிவிடாமல் இருக்க அதைத்தான் ஒப்பிடுவதற்கான புது ஆரம்பப் படமாக வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு வருடா வருடம் அதே மெஷின், அதே முறை. அந்த ஒப்பீட்டில் புதுப் புள்ளி வருகிறதா இல்லையா என்பது, முதல் படத்தின் மொத்த எண்ணிக்கையைவிட எனக்கு அதிகம் சொல்லும். கான்ட்ராஸ்ட் ஊசி ஒவ்வொரு தடவையும் தேவையில்லை, ஒழுங்காக ஒப்பிடப் பழைய படம் இருந்தால் புதுப் புள்ளியை ஊசி இல்லாமலே கண்டுபிடிக்கலாம். ஃபிலிமை நம்பி இருக்காதீர்கள், சிடியைக் கேட்டு வாங்கி, வீட்டில் ஒரு பென் டிரைவிலும் ஏற்றி வையுங்கள்.

பொன்னிக்கரை:

சார், இப்போதுதான் சிடியைப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே. முதலாவது 1.5 டெஸ்லா, 5 மில்லிமீட்டர். இரண்டாவது 3 டெஸ்லா, 1 மில்லிமீட்டர். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், தேங்காய்க் கீற்று உதாரணம் உடனே புரிந்துவிட்டது.

இன்னொன்று கேட்கிறேன். சித்தப்பா மகன் ஐடியில் இருக்கிறான், ஸ்கேனைக் கொடுத்தால் ஏஐயே பத்து வருடத்துக்குச் சொல்லிவிடும், வெளிநாட்டில் செய்கிறார்கள் என்கிறான். செலவு ஆனாலும் பரவாயில்லை, அனுப்பலாமா?

பனிக்கால நடை:

நான் ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூளைப் படங்களைக் கணினியில் அளக்கும் வேலையில் இருக்கிறேன், எம்.எஸ். படங்கள்தான் பெரும்பகுதி. பணத்தை அனுப்ப வேண்டாம் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலை நடக்கிறது, நல்ல வேலைதான். 2021இல் லண்டன் யுசிஎல் பல்கலைக்கழகக் குழு 6,322 பேரின் படங்களை ஒரு நிரலுக்குக் கொடுத்து, யாருடைய அறிகுறியையும் சொல்லாமல், படத்தில் மாற்றம் எந்த வரிசையில் வருகிறது என்பதை மட்டும் வைத்துப் பிரிக்கச் சொன்னது. மூன்று வகை வந்தது. ஒன்றில் மூளையின் மேற்பட்டை முதலில் மெலிகிறது, இன்னொன்றில் பார்வைக்கு நன்றாக இருக்கும் வெண்பொருள் முதலில் கெடுகிறது, மூன்றாவதில் புள்ளிகள்தான் முன்னால் போகின்றன. மூன்றாவது வகைக்காரர்களுக்கு முடக்கம் கூடுகிற ஆபத்தும் அட்டாக்கும் அதிகம். இதைப் படித்தபோது எனக்கு மிகுந்த சந்தோஷம், ஏனென்றால் அட்டாக் வந்து வந்து போகும் ரிலாப்ஸ் வகை, மெதுவாகக் கூடிக்கொண்டே போகும் முற்றும் வகை என்று வெளியே தெரிவதை வைத்துப் பெயர் சூட்டுவதைவிட உள்ளே நடப்பதை வைத்துப் பிரிப்பது சரியான வழி என்று நினைக்கிறேன்.

ஆனால் அது ஆயிரக்கணக்கானவர்களின் சராசரி. இந்தப் பிரிவில் நூறு பேர் இருந்தால் இத்தனை பேருக்குக் கூடும் என்று சொல்லும், அந்த நூறில் உங்கள் தங்கை எந்த இடத்தில் நிற்கிறாள் என்று சொல்லாது. இன்னொரு சிக்கலும் உண்டு, அவை பெரும்பாலும் மருந்து ஆய்வுகளுக்காக ஒரே ஒழுங்கில் எடுத்த படங்கள். சாதாரண சென்டரில் ஆள் கொஞ்சம் அசைந்து, அவசரத்தில் எடுத்த படத்தைக் கொடுத்தால் அதே நிரல் தடுமாறும், தடுமாறுகிறேன் என்று சொல்லவும் சொல்லாது, தைரியமாக ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். நான் தினமும் பார்ப்பது இது.

நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டிய புது விஷயம் ஒன்று இருக்கிறது, இரும்பு விளிம்புள்ள புள்ளி. சில புள்ளிகள் ஆறிவிட்டது போல இருந்தாலும் ஓரத்தில் மட்டும் இரும்பைச் சுமந்த மைக்ரோக்லியா (மூளையின் காவல்) செல்கள் வளையமாக உட்கார்ந்து மெதுவாக அரித்துக்கொண்டே இருக்கும், அணைந்த விறகின் ஓரத்தில் கங்கு இருப்பது மாதிரி. சாதாரண ஃப்ளேரில் தெரியாது, காந்த ஏற்புத்தன்மையைக் காட்டும் படத்தில் புள்ளியைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும். நான் முதல்முறை ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தபோது பென்சிலால் வட்டம் போட்டது போலவே இருந்தது. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான என்ஐஎச்சில் 192 பேரைப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள், இப்படிப்பட்ட புள்ளி நான்கோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு நடையும் நினைவாற்றலும் மற்றவர்களைவிடச் சின்ன வயதிலேயே பாதிக்கப்பட்டிருந்தன. எம்.எஸ். தானா என்று உறுதி செய்யப் பயன்படும் மெக்டொனால்ட் நோயறி விதிகளின் புதிய திருத்தத்திலும் இந்த விளிம்புக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். 3 டெஸ்லா மெஷினில் எடுக்கலாம். அடுத்த ஸ்கேன் எழுதும்போது அந்த வரிசையையும் சேர்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், செலவு அதிகம் கூடாது, சில நிமிடம் கூடும்.

மருதமலை வாசல்:

இங்கே ஒன்று சொல்லாமல் போக மனசு வரவில்லை. என் மனைவிக்கு ஆறு வருடமாக ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் புதுப் புள்ளி இல்லை, நிலையாக உள்ளது என்றே வருகிறது. முதல் வருடம் கோயிலுக்குப் படி ஏறினாள், மூன்றாவது வருடம் பாதியில் உட்கார்ந்தாள், இப்போது கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அட்டாக் ஒன்றுகூட வரவில்லை. ரிப்போர்ட் நன்றாக இருக்கிறதே, மனச்சோர்வாக இருக்கும் என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். அன்று அவள் ஆட்டோவில் அழுதது எனக்கு மறக்காது. படம் நன்றாக இருக்கிறது என்பதால் ஆள் நன்றாக இருக்கிறாள் என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள்.

படக்கட்டம்:

உங்கள் மனைவி சொன்னது உண்மை, அதை மனச்சோர்வு என்று தள்ளியிருக்கக் கூடாது. அட்டாக் இல்லாமலே முடக்கம் கூடுவதை இப்போது தனியாகவே பெயரிட்டுப் பேசுகிறார்கள், ஆரம்ப நாட்களிலேயே பலருக்கு நடக்கிறது என்றும் தெரிந்திருக்கிறது. எங்கள் வழக்கமான ரிப்போர்ட் புதுப் புள்ளி இருக்கிறதா என்றுதான் தேடுகிறது. தண்டுவடம் மெலிந்திருக்கிறதா, பழைய புள்ளி ஓரத்தில் விரிகிறதா, மூளையின் ஆழத்தில் இருக்கும் தாலமஸ் என்ற பகுதி சிறுத்திருக்கிறதா என்பதை நாங்கள் வழக்கமாக அளப்பதில்லை, அளக்காததை நிலையாக உள்ளது என்று எழுதிவிடுகிறோம். ஆறு வருடத்துக் கழுத்துத் தண்டுவடப் படங்களை ஒன்றாக வைத்து ஒப்பிட்டுத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். 25 அடி நடையின் நொடிக் கணக்கையும் சேர்த்துக் கொண்டுபோங்கள், அதை யாரும் தள்ளிவிட முடியாது.

வேப்பமரத்தடி:

மருதமலை தம்பி, உங்கள் மனைவிக்கு என்னோடு பேச விருப்பம் இருந்தால் தனிச் செய்தி அனுப்புங்கள். பகலில் வகுப்பு, ராத்திரி எட்டுக்கு மேல் எப்போது வேண்டுமானாலும்.

பொன்னிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. தங்கையையே பக்கத்தில் உட்காரவைத்து எல்லாப் பதிலையும் படித்தேன். மூளைத் தண்டு விஷயத்தைப் படித்தபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவளேதான் "மருந்தை எப்போ ஆரம்பிக்கிறோம்" என்றாள். புதன்கிழமை முதல் டோஸ். ஆறாவது மாத ஸ்கேனை அந்த 3 டெஸ்லா சென்டரிலேயே எடுக்கலாம் என்று டாக்டர் சம்மதித்துவிட்டார், இரும்பு விளிம்பு பார்க்கும் வரிசையையும் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். கலர் பக்கத்தை ஃபைலில் கடைசியில் போட்டுவிட்டோம். இன்று காலை மாடி வராந்தாவில் டேப் வைத்து 25 அடி அளந்து சாக்பீஸில் கோடு போட்டோம், ஐந்து நொடிக்குள் நடந்துவிட்டாள்.